கிளிநொச்சியில் மெல்லப் பேசச் சொன்னேன்

நான் இறங்க வேண்டிய ஊர் கிளிநொச்சி. கண் விழித்தபோது ரயில் நின்றிருந்த ஊர் ஆனையிறவு. ஜன்னலுக்கு வெளியே இரண்டு பக்கமும் வெள்ளை வெளேரென்று உப்பு குவிந்து கிடந்தது. தூக்கக் கலக்கத்தில், திரும்பவும், கப்பல் ஏறிய தூத்துக்குடிக்கே வந்துவிட்டேனோ என்று ஒரு கணம் திகைத்தேன்.

கதவருகே நின்ற கார்டு என்னைப் பார்த்துச் சிங்களத்தில் ஏதோ சொன்னார். எதிர் இருக்கையில் இருந்த யாழ்ப்பாணத்துப் பெரியவர் எனக்காக மொழிபெயர்த்தார். "இந்த அம்மா கிளிநொச்சியில் இறங்க வேண்டியவர் என்று எனக்குத் தெரியும். ஆனால் சாப்பாட்டுத் தூக்கைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அப்படித் தூங்குகிறவரை எழுப்ப மனம் வரவில்லை" என்றாராம். எனக்குக் கோபம் வரவில்லை. இரண்டு நாள் பயணத்தில் என்மேல் இரக்கப்பட்ட முதல் மனிதர் அவர்தான்.

ஸ்டேஷன் மாஸ்டர் என்னை ஓர் உப்பு லாரியில் ஏற்றிவிட்டார். லாரிக்காரர் தன் துண்டால் முன் இருக்கையைத் துடைத்து, "பயப்பிடாமல் ஏறுங்கோ அம்மா, உப்புக் கடிக்காது" என்றார். இறங்கும்போது என் கறுப்புச் செருப்பு சாம்பல் நிறமாகியிருந்தது. உதட்டை நக்கினால் கரித்தது.

நான் வந்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். பாளையங்கோட்டையில் பாலர் பள்ளி ஆசிரியைகளுக்குப் பயிற்சி கொடுப்பது எட்டு வருஷமாக என் வேலை. கிளிநொச்சி மாதர் சங்கம் ஒன்றிலிருந்து எனக்குக் கடிதம் வந்திருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, காடு வெட்டி, குளத்துத் தண்ணீரில் நெல் விளைவிக்கும் குடியேற்றக் குடும்பங்கள் அங்கே உள்ளவை. தாயும் தகப்பனும் பகல் முழுவதும் வயலில். பிள்ளைகள் வாய்க்கால் கரையில். அந்தப் பிள்ளைகளுக்காகப் பாலர் வகுப்புகள் தொடங்கப் போகிறோம், ஒன்பது பெண்களுக்குப் பன்னிரண்டு நாள் பயிற்சி தர வர முடியுமா என்று கேட்டிருந்தார்கள். கடைசியில் ஒரு வரி: 'எங்கள் பிள்ளைகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதம். ஒன்று அழுதபடி, ஒன்று அடித்தபடி, ஒன்று பேசாதபடி. என்ன செய்வதென்று தெரியவில்லை.' அந்த வரிக்காகவே கப்பல் ஏறினேன்.

சங்கக் காரியதரிசி அன்னலட்சுமி, கந்தோர் என்று அங்கே சொல்லும் நீர்ப்பாசன அலுவலகத்தில் வேலை பார்ப்பவரின் மனைவி. நல்ல உயரம், கையில் எப்போதும் ஒரு குடை. தன் வீட்டு வாசலில் லாரி வந்து நின்றதும் வெளியே வந்தவர், "ஏன் லொறியிலை வாறியள்? ரயில் வரேல்லையோ?" என்றார்.

"ரயில் வந்தது. நான்தான் வரலை" என்றேன்.

அவர் சிரித்த சிரிப்பில் பாதிக் களைப்புப் போயிற்று. மீதிப் பாதி, குசினியிலிருந்து வந்த புட்டிலும் தேங்காய்ப் பால் சொதியிலும் போயிற்று. சமையலறைக்கு அங்கே குசினி என்று பெயர். தேநீருக்குச் சர்க்கரை கேட்டேன். கையில் ஒரு துண்டு வெல்லத்தை வைத்தார்கள். புத்தகத் தமிழில் கேட்டது என் தப்பு, அங்கேயும் அது சீனிதான். வெல்லத்தைக் கடித்துக்கொண்டு பால் இல்லாத தேநீரைக் குடித்தேன். அதற்குப் பிறகு ஊர் திரும்பும்வரை சீனி கேட்கவே இல்லை.

"நாளைக்குக் காலமை எல்லாரும் உங்களோடை கதைக்க வருவினம்" என்றார் அன்னலட்சுமி.

கதை கேட்க வருகிறார்களாம் என்று எண்ணி மூன்று கதைகளைத் தயார் செய்தேன். மறுநாள் சங்கத்துக் கிடுகுக் கொட்டகையில் ஒன்பது பெண்கள் நோட்டுக் கொப்பியும் பென்சிலுமாக வாங்குப் பலகையில் அமர்ந்திருந்தார்கள். "ஒரு காட்டில் ஒரு நரி இருந்ததாம்" என்று ஆரம்பித்தேன். ஒன்பது பேரும் குனிந்து, 'ஒரு காட்டில் ஒரு நரி இருந்தது' என்று எழுதினார்கள். நரி கிணற்றில் விழும்வரை எழுதினார்கள். அப்புறம்தான் அன்னலட்சுமி என் காதருகே வந்து, அவர்கள் ஊரில் கதைப்பது என்றால் வெறும் பேச்சுத்தான் என்று சொன்னார். கொட்டகை அதிரச் சிரித்தோம். அந்தச் சிரிப்போடு பாடம் தொடங்கியது நல்லதாகப் போயிற்று.

கரும்பலகையில் முதல் விதியை எழுதினேன்: குரலை உயர்த்தாதீர்கள். எட்டு வருஷமாக எங்கே பயிற்சி கொடுத்தாலும் நான் முதலில் எழுதுவது அதுதான். அதட்டலில் வளரும் குழந்தைக்கு ஒரு மெல்லிய குரல் எவ்வளவு பெரிய ஆறுதல் என்று நானே பார்த்திருக்கிறேன். நம்பித்தான் எழுதினேன்.

பிற்பகலில் பிள்ளைகள் வந்தார்கள். மூன்று வயதிலிருந்து ஐந்து வயதுவரை பதினான்கு பேர். பயிற்சிக்கு வந்த பெண்கள் முறை வைத்து அவர்களோடு விளையாட வேண்டும். நான் பக்கத்தில் இருந்து கவனிப்பேன். முதல் அரை மணி நேரத்திலேயே கடிதத்தில் எழுதியிருந்த பிள்ளைகளை எல்லாம் அடையாளம் கண்டுகொண்டேன். தாய் போன திசையைப் பார்த்து அழுதபடி ஒரு பையன். யார் மடியிலும் உட்காராமல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒரு சிறுமி. எல்லாரையும் விட அதிகமாக என் கண்ணில் பட்டவள் யோகம்.

யோகேஸ்வரி என்பது முழுப் பெயர். ஐந்து வயது முடியவில்லை. எண்ணெய் வைத்து இழுத்து வாரிய தலை, சுட்டித்தனமான கண்கள். கூப்பிட்டால் வரமாட்டாள். வரிசையில் நில் என்றால் ஓடுவாள். மற்றப் பிள்ளைகள் கையில் இருப்பதைப் பறிப்பாள், தடுத்தால் கடிப்பாள். பேச்சு நாலைந்து சொல், அதுவும் குழறல்.

அவள் மரக்கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது பின்னால் போய் உட்கார்ந்து, என் பாடத்தில் உள்ளபடி மெல்லிய குரலில், "யோகம்... யோகம் கண்ணு" என்றேன். திரும்பவில்லை. இன்னும் மென்மையாகக் கூப்பிட்டேன். திரும்பவில்லை. தோளில் கை வைத்தேன். தூக்கிவாரிப் போட்டதுபோலத் திரும்பி என் மணிக்கட்டைக் கடித்துவிட்டாள். பற்கள் பதிந்த இடத்தில் அன்னலட்சுமி மஞ்சள் பூசினார்.

பயிற்சிக்கு வந்தவர்களில் பிலோமினா என்று ஒருத்தி. இருபத்துமூன்று வயதிருக்கும். முல்லைத்தீவுக்குத் தெற்கே நாயாற்றுப் பக்கம், கடலை நம்பிப் பிழைக்கும் கத்தோலிக்கக் குடும்பம். அவள் ஊர்ப் பிள்ளைகளுக்கும் ஒரு வகுப்புத் தொடங்க வேண்டுமென்று அவளும் வந்திருந்தாள். குரல் என்றால் குரல், கொட்டகைக்கு வெளியே மேயும் மாடுகூடத் தலை நிமிரும். அன்று மாலை பிள்ளைகள் வீட்டுக்குப் போகும் நேரம் யோகம் வாய்க்கால் பக்கம் ஓடினாள். பிலோமினா பாய்ந்து போய் அவள் முன்னால் நின்று, கையை அகல வீசி, "யோகம்! இஞ்சை வா!" என்று கத்தினாள். யோகம் நின்றாள். சிரித்துக்கொண்டு திரும்பி வந்தாள்.

அடிக்கும் அதட்டலுக்கும் பழகிய குழந்தை, அதனால்தான் கத்தலுக்குக் கட்டுப்படுகிறது என்று நான் முடிவு கட்டினேன். எல்லார் முன்னிலையிலும், "பிலோமினா, இது கடற்கரை இல்லை, பள்ளிக்கூடம்" என்றேன். மற்றப் பெண்கள் சிரித்தார்கள். பிலோமினா தலையைக் குனிந்துகொண்டாள். அடுத்த இரண்டு நாளும் அவள் பேசியது பக்கத்தில் இருந்தவருக்கே கேட்கவில்லை. கைகளை மடியிலேயே வைத்திருந்தாள். யோகமும் பிறகு அவளிடம் போகவில்லை. நான் அதைக் கவனித்தேன், கவனித்தும் ஒன்றும் யோசிக்கவில்லை.

மூன்றாம் நாள் யோகம் இன்னொரு பிள்ளையைக் கன்னத்தில் கடித்தாள். தாய் சிவபாக்கியத்துக்கு ஆள் போயிற்று. வயலிலிருந்து சேற்றுக் காலோடு ஓடி வந்தவள், வேலியில் ஒரு பூவரசங்கம்பை முறித்துக்கொண்டுதான் உள்ளே வந்தாள். நான் குறுக்கே நின்று தடுத்தேன்.

"சொல்வழி கேளாத பெட்டை, ரீச்சர்" என்றாள் மூச்சு வாங்க. "இஞ்சை வந்த வருசம் கடுங்காய்ச்சல் கண்டது. அதுக்குப் பிறகு குணமே மாறிப்போச்சு. முந்தி வடிவாக் கதைச்சவள். இப்ப என்னைக் கண்டா முகத்தைத் திருப்பிக்கொண்டு போறாள்."

அவள் மகளை இழுத்துக்கொண்டு போன பிறகு அன்னலட்சுமி என் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டார். "ரீச்சர், ரெண்டு வீட்டார் தங்கடை பிள்ளையளை நிப்பாட்டிப் போட்டினம். உவளை வைச்சிருந்தா மிச்சப் பேரும் நிப்பாட்டுவினம். பிறகு வகுப்பே இல்லை. இவளுக்கு இந்த இடம் சரிவராதெண்டு நீங்கள் ஒரு துண்டுக் கடிதம் எழுதித் தாங்கோ. வெளியாலை இருந்து வந்தவா எழுதினா ஒருத்தரும் குறை சொல்ல மாட்டினம்."

அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. அந்தக் கொட்டகைக்காக இரண்டு வருஷம் அலைந்தவர். திங்கட்கிழமை எழுதித் தருகிறேன் என்றேன். எழுதிவிடலாம் என்றுதான் இருந்தேன்.

ஞாயிறு விடுமுறை. பிலோமினா தயங்கித் தயங்கி வந்து, தன் வீட்டுக்கு வர முடியுமா என்று கேட்டாள். அவளை எல்லார் முன்னாலும் சொன்ன சொல் என்னை உறுத்திக்கொண்டிருந்ததால் உடனே சரி என்றேன். அன்னலட்சுமிக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. "நீங்கள் சைவம். அங்கை என்னத்தைச் சாப்பிடப் போறியள்?" என்று மட்டும் சொன்னார்.

பஸ் மாங்குளத்தில் திரும்பிக் காட்டுக்குள் போயிற்று. இரண்டு பக்கமும் பாலை மரங்கள். மரத்துக்கு மரம் குரங்குகள். நம் திருநெல்வேலிச் சீமையில் ஒரு மணி நேரம் பஸ்ஸில் போனால் பத்து ஊர் வரும். இங்கே ஒரு மணி நேரம் போய் ஓர் ஊர் வந்தால் பெரிது. தண்ணீரூற்று என்ற ஊரை நெருங்கும்போது பஸ்ஸின் முன்புறத்திலிருந்து புகை கிளம்பியது. கண்டக்டர் வாளியை எடுத்துக்கொண்டு இறங்கினார். ஊர்ப் பெயருக்கு ஏற்ற ஊர், தோண்டிய இடமெல்லாம் தண்ணீர். பஸ் குடித்து முடிப்பதற்குள் பயணிகள் பாதிப் பேர் ஒரு கேணியில் இறங்கிக் குளித்தேவிட்டார்கள். ஒருவர் துணி துவைத்து பஸ் ஜன்னலில் காயப் போட்டார். யாரும் டிரைவரைத் திட்டவில்லை. நம் ஊராக இருந்தால் இதற்குள் இரண்டு கட்சியாகப் பிரிந்திருப்போம்.

நாயாற்றில் கடலும், களப்பு என்று அவர்கள் சொல்லும் உப்பங்கழியும் கைகோத்துக்கொண்டு கிடக்கின்றன. நடுவே ஒரு மணல் திட்டு. அதன்மேல் பிலோமினாவின் குடிசை. வாசலில் அவள் தாய் நின்றிருந்தார். பின்புறத்தில் புது அடுப்பு மூட்டி, புது மண்பானையில் பருப்பும், புதுச் சட்டியில் கத்தரிக்காய்க் குழம்பும் எனக்கென்று தனியாகச் சமைத்திருந்தார். "மீன் தொட்ட அகப்பைகூடப் படேல்லைப் பிள்ளை, நம்பிச் சாப்பிடுங்கோ" என்றார். இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

சாப்பிடும்போதுதான் அது நடந்தது. பிலோமினாவின் தமையன், நாற்பது வயதுக்காரர், எங்களுக்கு எதிரே மீன் குழம்போடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் அடுக்கி வைத்திருந்த அலுமினியத் தட்டுகள் சரிந்து விழுந்தன. நான் துள்ளி எழுந்தேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் என்னவென்று திரும்பிப் பார்த்தார்.

"அண்ணை சங்கு குளிக்கப் போனவர். ஆழத்திலை காது ரெண்டும் போயிட்டுது" என்றாள் பிலோமினா.

அதற்குப் பிறகு என் சாப்பாடு நின்றுவிட்டது. அந்த வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவரோடு பேச வேண்டுமென்றால் எல்லாரும் முன்னால் வந்து நின்றார்கள். பின்னாலிருந்து யாரும் தொடவில்லை. கையை வீசினார்கள், முகத்தைச் சுளித்தார்கள், வாயை நன்றாகத் திறந்து பேசினார்கள். வெளியே கரையில் நின்ற ஒருவர் துண்டை வீசிக் கடலில் இருந்த வள்ளத்துக்கு வலை எந்தப் பக்கம் என்று காட்டிக்கொண்டிருந்தார். அலை இரைச்சலில் அந்த ஊரே கையாலும் பேசுகிறது. தமையனார் பிலோமினாவின் உதட்டையே பார்த்தபடி தலையாட்டினார். அந்தப் பார்வையை நான் வேறோர் இடத்தில் பார்த்திருந்தேன்.

"யோகம்..." என்றேன்.

பிலோமினா என்னை நிமிர்ந்து பார்த்தாள். "ஓம் ரீச்சர். நான் முதல் நாளே நினைச்சனான். அவள் என்ரை சத்தத்துக்கு வரேல்லை. என்ரை கையைப் பார்த்துத்தான் வந்தவள்."

"அப்புறம் ஏன் சொல்லலை?"

மணலில் விரலால் கீறிக்கொண்டு, "நீங்கள் என்ரை குரலைப் பற்றிச் சொன்னாப் பிறகு... எனக்கு என்ன தெரியும் எண்டு இருந்திட்டன்" என்றாள்.

பஸ்ஸில் திரும்பும் வழி முழுவதும் ஒன்பது கொப்பிகளும் அந்தக் கரும்பலகையும்தான் கண் முன்னால் நின்றன. கேட்காத பிள்ளையிடம் மூன்று நாள் குசுகுசுத்திருக்கிறேன். கேட்கவில்லை என்று சொல்லக்கூடியவளின் வாயையும் அடைத்திருக்கிறேன்.

திங்கட்கிழமை துண்டு எழுதவில்லை. அன்னலட்சுமியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் நம்பவில்லை. "இடி முழங்கினா ஓடிப்போய்த் தாய்க்குப் பின்னாலை ஒளிக்கிறவள். லொறி வந்தா முதல் ஓடிப் பாக்கிறவள். செவிடெண்டு எப்பிடிச் சொல்லுறது?"

"நீங்களே கூப்பிட்டுப் பாருங்க" என்றேன்.

யோகம் மணலில் கோடு போட்டு விளையாடிக்கொண்டிருந்தாள். அன்னலட்சுமி பத்தடி பின்னால் நின்று கூப்பிட்டார். பிறகு ஐந்தடியில். பிறகு, குடையைக் கீழே போட்டுவிட்டு, வலது காதுக்குப் பக்கத்தில் குனிந்து. கோடு வளைந்து வளைந்து போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் இடது காதருகே உரக்க, "யோகம்!" என்றார். குழந்தை திரும்பி, இத்தனை கிட்டத்தில் ஒரு முகத்தைக் கண்டு வாய் நிறையச் சிரித்தாள். அன்னலட்சுமி அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். பெரிய சத்தம் கொஞ்சம் எட்டுகிறது, மண் அதிர்வதும் தெரிகிறது, பேச்சுத்தான் எட்டவில்லை என்று எங்களுக்குப் புரிந்தது.

இனி தாயிடம் சொல்ல வேண்டும். சில வருஷங்களுக்கு முன் எங்கள் ஊரில் ஒரு தாயிடம் உங்கள் பையனுக்குப் புத்தி வளர்ச்சி குறைவு என்று சொல்லியிருக்கிறேன். மறுநாளிலிருந்து அந்தப் பையனை நான் பார்க்கவே இல்லை. வீட்டுக்குப் போனபோது கதவைத் திறக்கவும் இல்லை. சிவபாக்கியமும் கதவைச் சாத்திவிட்டால், யோகத்துக்கு இருக்கும் ஒரே இடமும் போய்விடும்.

செவ்வாய் மாலை நானும் பிலோமினாவும் மாட்டுவண்டியில் புறப்பட்டோம். எட்டாம் வாய்க்காலைக் கடக்கும்போது சக்கரம் சேற்றில் இறங்கிவிட்டது. மாடுகள் படுத்துக்கொண்டன. வண்டிக்காரர் அவற்றோடு சமாதானம் பேசிக்கொண்டிருக்க, நாங்கள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வரப்பில் நடந்தோம். வரப்பு வழுக்கி நான் முழங்கால்வரை வயலில் இறங்கினேன். போய்ச் சேர்ந்தபோது என்னைப் பார்த்து யோகம் கைகொட்டிச் சிரித்தாள். சிவபாக்கியம் குடத்துத் தண்ணீரை என் காலில் ஊற்றினாள். மகள் அடுத்து யாரைக் கடித்தாள் என்று கேட்கப் பயந்தவளாக, தலை நிமிரவில்லை.

ஈரக் காலோடு நின்றபடியே சொன்னேன். எப்படியெல்லாமோ சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் சொற்களை அடுக்கி வந்திருந்தேன். ஒன்றும் நினைவு வரவில்லை. "சிவபாக்கியம், யோகத்துக்குக் காது கேட்கலை. ஒரு காதில் கொஞ்சம் கேட்குது. மற்றதில் இல்லை. அந்தக் காய்ச்சலில் போயிருக்கணும்" என்றேன்.

அவள் கையிலிருந்த குடம் சரிந்து தண்ணீர் முழுவதும் ஓடியது. நிமிர்த்தவில்லை.

"அப்ப... அவள் வேணுமெண்டு செய்யேல்லையோ?"

"இல்லை."

"நான் கூப்பிடக் கூப்பிடத் திரும்பாமல் போறது?"

"கேக்கேல்லை அக்கா" என்றாள் பிலோமினா.

சிவபாக்கியம் நெல் மூட்டைமேல் உட்கார்ந்தாள். அழப் போகிறாள் என்று நான் கையை நீட்டினேன். அவள் சிரித்தாள். நம்ப முடியாதவள்போல, வாயைக் கையால் மூடிக்கொண்டு சிரித்தாள். "ரெண்டு வருசமா நான் பெத்த பிள்ளை என்னை வெறுக்கிறாளெண்டெல்லோ நினைச்சனான்" என்றாள். அப்புறம்தான் அழுகை வந்தது. "ஐயோ, கேக்காத பிள்ளையைப் போட்டு அடிச்சனே ரீச்சர்..." என்று மகளைப் பிடித்து இழுத்து, கை, கால், முதுகு என்று தடவித் தடவிப் பார்த்தாள். யோகத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. தாயின் கன்னத்தில் வழிந்ததை விரலால் தொட்டு, நக்கிப் பார்த்தாள்.

வாசலில் மண்வெட்டியோடு வந்து நின்ற தகப்பன் எல்லாவற்றையும் கேட்டிருக்க வேண்டும். மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு, "எந்த ஆசுப்பத்திரி?" என்று மட்டும் கேட்டார்.

வியாழக்கிழமை வவுனியா ஆஸ்பத்திரிக்கு ரயிலில் போனோம். இந்த முறை நான் கண்ணை மூடவில்லை. தகப்பன் யோகத்தைத் தோளில் வைத்துக்கொண்டே நின்றார், இடம் இருந்தும் உட்காரவில்லை. சிவபாக்கியம் வாழையிலையில் கட்டி வந்த இடியப்பத்தைப் பெட்டியிலிருந்த எல்லாருக்கும் கொடுத்தாள். எதிரே இருந்த இரண்டு சிங்களச் சிப்பந்திகள் சாப்பிட்டுவிட்டுத் தங்களுக்குள் ஏதோ பேசிக்கொண்டார்கள். என்னவென்று தகப்பனிடம் கேட்டேன். "எங்கடை அம்மா செய்யிறது இவ்வளவு மெத்தெண்டு இருக்காது, வீட்டை போய் இதைச் சொல்லாதை எண்டு கதைக்கினம்" என்றார். அந்த மூன்று நாளில் அவர் முகத்தில் சிரிப்பைக் கண்டது அப்போதுதான்.

டாக்டர் தெற்கத்தி மனிதர், இளைஞர். சிங்களத்தில்தான் பேசினார். தாதி தமிழில் சொன்னாள். காதில் நாட்பட்ட சீழ். மருந்து விட்டால் அது ஆறும். வலது காது திரும்பாது. இடது காதில் மிச்சம் இருப்பதைக் காப்பாற்றலாம், தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆறு வயதானதும் யாழ்ப்பாணத்துப் பக்கம் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்று இருக்கும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பலாம். கடைசியாக ஒன்று சொல்லிவிட்டு யோகத்தின் மூக்கைப் பிடித்து ஆட்டினார். தாதி சிரித்துக்கொண்டே சொன்னாள்: "நான் கதைக்கிறது இவளுக்கு விளங்காத பாஷை. அப்பிடியிருந்தும் வந்த நேரம் தொடக்கம் என்ரை வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். இவள் மக்கு இல்லை, நல்ல கெட்டிக்காரி எண்டு சொல்லுறார்."

சிவபாக்கியம் அந்தக் கடைசிச் சொல்லைத் தாதியிடம் இரண்டு முறை திருப்பிச் சொல்லச் சொன்னாள்.

மீதி நாட்களில் பயிற்சி வேறு விதமாகப் போயிற்று. முதல் விதியை அழித்துவிட்டு, அந்த இடத்தை வெறுமையாகவே விட்டேன். ஒரு முழுக் காலை பிலோமினா பாடம் எடுத்தாள். பிள்ளைக்கு முன்னால் போ, குனி, அது உன் முகத்தைக் காணட்டும், பிறகு கதை. நான் வாங்கில் உட்கார்ந்து மற்றவர்களோடு சேர்ந்து எழுதிக்கொண்டேன். முதலில் கூச்சப்பட்டாள். பத்து நிமிஷத்தில் பழைய குரல் வந்துவிட்டது, வெளியே மாடு தலை நிமிர்ந்தது. வகுப்பு முடிந்ததும் எல்லார் முன்னிலையிலும் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "சும்மா இருங்கோ ரீச்சர்" என்று ஓடிவிட்டாள்.

அப்புறம் ஒவ்வொரு பெண்ணையும் ஒரு குழந்தையைத் தேர்ந்துகொண்டு, பேசாமல் ஒரு பிற்பகல் முழுவதும் பார்க்கச் சொன்னேன். என்ன கண்டீர்கள் என்று மட்டும் சொல்ல வேண்டும், அது நல்ல பிள்ளை, கெட்ட பிள்ளை என்று சொல்லக் கூடாது. தூணைப் பிடித்து நின்ற சிறுமி மற்றவர்கள் பாடும் பாட்டெல்லாம் உதட்டுக்குள் பாடுகிறாள் என்று ஒருத்தி கண்டுபிடித்தாள். அழுதபடி இருந்த பையன், தாய் தலைத்துணியை விட்டுச் சென்ற அன்று அழவில்லை என்றாள் இன்னொருத்தி. அன்னலட்சுமி குடையை எடுத்துக்கொண்டு பிள்ளைகளை நிறுத்திவிட்ட இரண்டு வீட்டுக்கும் தானே நடந்து போனார். என்ன பேசினாரோ, மறுநாள் இரண்டு பிள்ளைகளும் வந்து சேர்ந்தார்கள். கன்னத்தில் கடிபட்டவன் யோகத்துக்கு இரண்டு அடி தள்ளியே உட்கார்ந்தான். மாலைக்குள் அந்த இரண்டு அடியும் ஒன்றாகியிருந்தது.

புறப்படும் நாள் எல்லாரும் கிளிநொச்சி ஸ்டேஷனுக்கு வந்துவிட்டார்கள். பிலோமினாவின் தாய் ஒரு மூட்டை புளியங்காய் கொடுத்தனுப்பியிருந்தார், மீன் படாதது என்ற செய்தியோடு. அன்னலட்சுமி முறுக்குப் பொட்டலத்தை என் பையில் திணித்துக்கொண்டே, "அடுத்த முறை லொறியிலை வராதேங்கோ" என்றார். சிவபாக்கியம் ஒன்றும் கொண்டுவரவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "ரீச்சர், ஏழு நாளா வீட்டிலை கம்பு எடுக்கேல்லை" என்றாள்.

ரயில் தாமதம். நாங்கள் பேசிக்கொண்டிருந்ததில் யோகம் நழுவிப் பிளாட்பாரத்தின் அந்தக் கோடிக்குப் போய்விட்டாள். அங்கே இறக்கி வைத்திருந்த கோழிக்கூடை ஒன்றுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, எங்களுக்கு முதுகைக் காட்டியபடி கோழிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். தூரத்தில் ரயிலின் புகை தெரிந்தது.

சிவபாக்கியம் மகளைத் தேடித் திரும்பினாள். கூப்பிட வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். பிறகு சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, மூட்டைகளையும் மனிதர்களையும் விலக்கி, அந்த நீளப் பிளாட்பாரம் முழுவதும் நடந்தாள். அவசரப்படவில்லை. கூடையைச் சுற்றிக்கொண்டு மகளுக்கு எதிரே போய்த் தானும் குந்தினாள். யோகம் நிமிர்ந்து பார்த்தாள். தாயும் மகளும் கோழிகளுக்கு மேலாக ஏதோ பேசிக்கொண்டார்கள், கையாலும் வாயாலும். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. ரயில் வந்து நின்றபோதும் அவர்கள் எழுந்திருக்கவில்லை.